பெருநாட் காலத்தில் உணவு வீணாதலைத் தவிர்த்தல்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், சம்மாந்துறை முதலிய ஊர்களில் விருந்தோம்பல் குறைவின்றி நடைபெறுவதை யாவரும் அறிவர். நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள், திருமணம் என்பவற்றோடு, கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் சாகுல் ஹமீது நாயகம் அவர்களின் நினைவாக ஆண்டுதோறும் கொடியேற்றிக் கந்தூரி வழங்குவதும் இப்பகுதியின் பழைய வழக்கமாகும். உண்ண வருவோர்க்கு உணவு போதாமற் போகுமோ என்னும் அச்சத்தினால் தேவைக்கு மேற் சமைக்கப்படுகின்றது. மிஞ்சுவதைப் பற்றி முன்கூட்டி எண்ணுவோர் மிகச் சிலரே. ஆயினும் கமக்காரராகிய நீங்கள் இதனை எண்ணியே ஆதல் வேண்டும். கொட்டப்படுவது நீங்கள் விளைவித்த பொருளன்றோ?

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஓராளுக்கு 150 கிராம் அரிசி என வைத்தால், 300 பேருக்கு 45 கிலோ போதும். ஆனால், "இன்னும் கொஞ்சம் போடுங்கள்" என்று வீட்டார் ஒவ்வொருவரும் சமையற்காரரிடம் சொல்லச் சொல்ல, 60 கிலோ அரிசி உலையில் ஏறிவிடுவதுண்டு. மிகையான அந்த 15 கிலோ அரிசியைப் பெறுவதற்கு ஏறத்தாழ 23 கிலோ நெல் வேண்டும். அஃது ஒரு புசலுக்கும் சற்று அதிகமாகும். ஒரு கிலோ நெல் விளைவதற்குச் சராசரியாக 2,500 லீற்றர் நீர் செலவாகின்றதென்பது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் கணிப்பு. ஆகவே, ஒரு பந்தலில் மிஞ்சிய சோற்றோடு 57,000 லீற்றருக்கு மேற்பட்ட நீரும் வீணாகின்றது. சிறுபோகத்தில் கல்லோயா வாய்க்காலின் கடைசி வயலுக்குத் தண்ணீர் வந்து சேரவில்லையென்று நீங்கள் வட்டவிதானையுடன் வாதிடுவது இந்த நீருக்காகத்தானே!

சகன் வைத்து உண்ணும் முறை இயல்பாகவே சிக்கனமானது. எனினும், ஆறு பேர் சுற்றியமரும் தட்டைத் தொடக்கத்திலேயே குவித்துவிடுதல் தகாது. ஆறு கைகள் பட்ட சோற்றைப் பின்னர் வேறெவர்க்கும் வழங்க முடியாது. கிடாரத்தில் மிஞ்சிய சோறாயின் அயல் வீடுகளுக்கு அனுப்பலாம். ஆதலால் முதலில் முக்காற் பங்கு வைத்து, கேட்கும் சகனுக்கு மறுசோறு கொண்டுசெல்வதே முறை. சிறுவர் அமரும் சகனுக்குப் பெரியோர்க்குரிய அளவு வைப்பது இன்னொரு வீண் செலவு.

அயலவர்க்கு அனுப்புவதிலும் காலம் தாழ்த்தலாகாது. அரிசியிலுள்ள ஒருவகை நுண்கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் அழியாதவை. சோறு ஆறிக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். மீண்டும் சூடாக்கினாலும் அந்நஞ்சு நீங்குவதில்லை. எனவே, சமைத்து இறக்கிய சோற்றைப் பந்தலின் வெக்கையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருத்தல் கூடாது. எந்தெந்த வீடுகளுக்கு அனுப்புவதென்பதை முதல் நாளே எழுதி, இரண்டு இளைஞரிடம் ஒப்படைத்துவிட்டால், பந்தி நடக்கும்போதே இவ்வேலை முடிந்துவிடும்.

குர்பான் இறைச்சி மிஞ்சுமாயின், மெல்லிய கீற்றுகளாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, ஈ மொய்க்காதவாறு வலையால் மூடிக் கடும் வெயிலில் உலர்த்துக. ஹஜ்ஜுப் பெருநாள் இவ்வாண்டுகளில் மே, யூன் மாதங்களில் வருவதால், கிழக்குக் கரையின் வெயில் இதற்குப் பெரிதும் உதவும்.

எவ்வளவு முயன்றாலும் சிறிதளவு கழிவு எஞ்சவே செய்யும். அதனைப் பொலித்தீனிற் கட்டி எறிவதன் விளைவை நமது மாவட்டமே கண்டுள்ளது. பள்ளக்காட்டுக் குப்பை மேட்டருகே 2022 சனவரியில் இரண்டு யானைகள் இறந்து கிடந்தன. அவற்றுடன் சேர்த்து, எட்டு ஆண்டுகளில் அங்கு இறந்தவை ஏறத்தாழ 20 என அப்பொழுது அறிவிக்கப்பட்டது. உணவின் மணத்தை நாடி வரும் யானை, அது சுற்றப்பட்ட பொலித்தீனையும் சேர்த்தே விழுங்குகின்றது. அன்றியும், குப்பை மேட்டுக்கு வந்து பழகிய யானை அருகிலுள்ள வேளாண்மையை விட்டுவைக்குமென்று எதிர்பார்க்கலாமா?

இக்கழிவைக் கூட்டெருவாக்குதலே நன்று. சூடடித்தபின் எரிக்கப்படும் வைக்கோல் இதற்கு மிகவும் ஏற்றது. ஒரு கூடை உணவுக் கழிவுக்கு மூன்று கூடை வைக்கோல் என்ற அளவில் மாறி மாறி அடுக்கி, ஈரம் காயாது காத்து, இரண்டு கிழமைக்கு ஒருமுறை புரட்டிவிட்டால், மூன்று மாதமளவில் எரு ஆயத்தமாகும். எலும்பையும் கொழுப்பையும் இதிற் சேர்க்காது ஆழக் குழிதோண்டிப் புதைத்துவிடுக. இன்றேல் நாய்கள் குவியலைக் கிளறிவிடும். கடற்கரை மணலில் நீர் தங்காது என்பதைத் தோட்டக்காரர் நன்கறிவர். இந்த எருவையிட்ட பாத்தியில் ஈரம் கூடுதலாக நிற்பதை ஒரு போகத்திலேயே காணலாம்.

பந்தலில் மட்டுமன்றித் தோட்டத்திலும் பெருநாட் காலத்தில் மிகுந்த பொருள் வீணாகின்றது. நோன்பு மாதத்தில் வத்தகைப்பழத்துக்கு நல்ல விலையுண்டென எண்ணி எல்லாரும் ஒரே கிழமையில் விதையிடுகின்றனர்; காய்களும் ஒரே கிழமையிற் பழுத்துச் சந்தையிற் குவிகின்றன. விதைத்து 75 முதல் 90 நாளிற் காய் முற்றுமாதலால், தோட்டத்தை மூன்று பங்காக்கிப் பத்து நாள் இடைவெளியில் விதைத்தல் வேண்டும். பிறைக் கணக்கின்படி நோன்பு ஆண்டுதோறும் பத்து, பதினொரு நாள் முந்தி வருவதையும் மறத்தலாகாது. 2025இல் மார்ச்சுத் தொடக்கத்தில் வந்த நோன்பு, 2030இல் சனவரித் தொடக்கத்தில் வரும். அக்காலத்துக்கு விதையிட்டால் கொடி முழுவதும் வடகீழ்ப் பருவ மழையில் அகப்படும்; பழத்தில் இனிப்பும் குன்றும், அழுகலும் மிகும். ஆதலால் மேட்டு நிலமும் நல்ல வடிகாலும் இல்லாதோர் அவ்வாண்டுகளில் வத்தகையை நம்பாது கீரை, வெண்டி முதலியவற்றை நாடுதல் நன்று.

வத்தகைக்காய் கொடியினின்று பறித்தபின் இனிப்பேறுவதில்லை. காம்பருகிலுள்ள பற்றுச்சுருள் காய்ந்து, நிலத்திற் படிந்த பக்கம் மஞ்சளித்தபின்னரே பறிக்க. கத்தரி, பயற்றங்காய், வெண்டி என்பவற்றை வெயில் ஏறுமுன் பறித்து நிழலில் வைக்க. சாக்கிற் திணித்து அதன்மேல் ஆளும் ஏறியிருந்து சந்தைக்குப் போனால், அடியிலுள்ள காய்கள் நசுங்கிப் பாதி விலைக்கும் போகா. பெட்டிகளில் அடுக்கி, ஓரங்களில் வைக்கோல் செருகி அனுப்புக.