கண் தடுக்கி நிற்கும் இடம்

'வைல் மதர் குக்ட் த கேட் ஸ்லெப்ட்.'

இந்த ஆங்கில வாக்கியத்தை வேகமாக ஒருமுறை படியுங்கள். அம்மா பூனையையா சமைத்தார் என்று திடுக்கிட்டீர்களா? பயப்படாதீர்கள், பூனை நலம். அம்மா சமைத்துக்கொண்டிருந்தார், பூனை தூங்கிக்கொண்டிருந்தது. 'குக்ட்' என்ற சொல்லுக்குப் பிறகு வரவேண்டிய கமா விடுபட்டுவிட்டது, அவ்வளவுதான்.

இத்தனை சின்னக் குறி இல்லாமல் போனதற்கா மூளை இப்படி ஏமாறும்?

படிக்கும்போது நம் கண் வரியின் மீது சீராக ஓடுவதில்லை. தானியம் பொறுக்கும் சிட்டுக்குருவியைப் போலத் தத்தித் தத்திப் போகிறது. ஓரிடத்தில் ஏறத்தாழக் கால் நொடி நிற்கும். பிறகு ஏழெட்டு எழுத்து தாண்டிக் குதிக்கும். அந்தக் கால் நொடிக்குள் மூளை சொல்லைப் புரிந்துகொண்டு, முன்னால் வந்த சொல்லோடு சேர்த்தும் விடுகிறது. வாக்கியம் முடியட்டும் என்று அது காத்திருப்பதே இல்லை. 'குக்ட்' முடிந்த கையோடு 'த கேட்' வந்தால், சமைக்கப்பட்டது பூனைதான் என்று முடிவு கட்டிவிடும். அடுத்து 'ஸ்லெப்ட்' வந்ததும் கணக்கு உதைக்கிறது! அப்படியானால் தூங்கியது யார்? உடனே கண் பின்னால் தாவிப் பழைய சொற்களை மறுபடி பார்க்கிறது. கண்ணசைவைப் பதிவுசெய்யும் கருவிகளைக் கொண்டு ஆய்வாளர்கள் இந்தப் பின்தாவலை அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

தமிழில் இந்தத் தொல்லை இல்லை. 'அம்மா சமைத்தபோது பூனை தூங்கியது' என்றால், முதல் பகுதி முடிந்துவிட்டதை 'போது' காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்திலோ 'வைல்' முதலிலேயே வந்துவிடுகிறது. அந்தப் பகுதி எங்கே முடிகிறது என்று காட்டச் சொல் கிடையாது. அந்த வேலையைச் செய்வது கமாதான். நம் பிள்ளைகள் அதை மறந்துவிடுவதற்கு இதுவே காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நிறுத்தக்குறிகள் பிறந்தது வாய்விட்டுப் படிப்பதற்காக. சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன், எகிப்தில் அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவராக இருந்த அரிஸ்டோஃபனிஸ் என்ற கிரேக்க அறிஞர், இடைவெளியே இல்லாமல் எழுதப்பட்ட வரிகளில் மூன்று உயரங்களில் புள்ளி வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பதைப் புள்ளியின் உயரம் சொல்லும். ஆனால் இன்றைய ஆங்கிலத்தில் மூச்சு வாங்கும் இடமெல்லாம் கமா போட முடியாது. 'மை எல்டர் பிரதர், கேம்' என்பது தவறு. எழுவாயையும் வினையையும் அப்படிப் பிரிக்கக் கூடாது. 'இட் ரெய்ன்ட், வி வென்ட் ஹோம்' என்பதும் தவறுதான். இரண்டு முழு வாக்கியங்களுக்கு நடுவே வெறும் கமா போதாது. முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும். இல்லையென்றால் கமாவுக்குப் பின் 'ஸோ' போன்ற ஓர் இணைப்புச் சொல் வேண்டும்.

இன்று மாலையே ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் ஆங்கிலக் கட்டுரை நோட்டில் 'வென்', 'இஃப்', 'வைல்', 'ஆஃப்டர்' என்று தொடங்கும் வாக்கியங்களைத் தேடி எடுங்கள். அவற்றை நண்பரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறி, திரும்பப் படிக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் கமா விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். விடுபட்டிருந்தால், பேனாவை எடுத்து அங்கேயே போட்டுவிடுங்கள்.