கார் பெட்டிகள் பேசாமல் போனால்... மாற்றும் முன் வயரைப் பாருங்கள்

காலையில் வேலைக்குப் புறப்படச் சாவியைத் திருப்பினால், மீட்டரில் என்ஜின், ஏபிஎஸ், ஸ்டியரிங் விளக்குகள் ஒன்றாக எரிகின்றன. வேகம் காட்டும் முள் அசையவில்லை. பட்டறைக்குக் கொண்டுபோனால், "இசியூ போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று பதில் வருகிறது. பஸ் வசதி குறைந்த தோட்டப்புறத்தில் கார் நின்றால் வேலையும் நிற்கும், பிள்ளைகளின் பள்ளியும் கெடும். அதனால் பலர் மறுகேள்வி கேட்காமல் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். புதுப் பெட்டி போட்ட பிறகும் அதே விளக்குகள் எரிந்தால்தான், கோளாறு வேறு எங்கோ இருக்கிறது என்பது புரிகிறது.

இரண்டு வயரில் நடக்கும் பேச்சு

இன்றைய கார்களில் என்ஜின், கியர், பிரேக், ஏர்பேக், கதவு என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டி உண்டு. இவை ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பிக்கொள்ள உதவுவது 'கேன்' எனும் முறை. ஜெர்மனியின் போஷ் நிறுவனம் இதை 1986இல் அறிமுகப்படுத்தியது. 'கேன் ஹை', 'கேன் லோ' என ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு வயர்கள்தான் அதன் பாதை.

பல கார்களில் சக்கரத்தின் வேகத்தை ஏபிஎஸ் பெட்டி இந்த வயர்களில் சொல்கிறது. அதைக் கேட்டுத்தான் மீட்டர் முள் நகர்கிறது, கியரும் மாறுகிறது. ஒரு பெட்டி பேசாமல் போனால் பல விளக்குகள் சேர்ந்து எரிவதற்குக் காரணம் இதுதான்.

புகார் கொடுப்பவர் வேறு, குற்றவாளி வேறு

ஸ்கேனரில் 'யு' எழுத்தில் தொடங்கும் குறியீடு வந்தால் அது தகவல் தொடர்புக் கோளாறு. யு0100 என்றால் என்ஜின் பெட்டியிடமிருந்து தகவல் வரவில்லை; யு0121 என்றால் ஏபிஎஸ் பெட்டியிடமிருந்து வரவில்லை.

இது ஒரு புகார் மட்டுமே. மீட்டர் பெட்டியில் யு0121 பதிவாகியிருந்தால் பார்க்க வேண்டியது மீட்டரை அல்ல, ஏபிஎஸ்ஸை. அந்த ஏபிஎஸ் பெட்டியும் கெட்டிருக்க வேண்டும் என்பதில்லை. அதற்குப் போகும் பியூஸ் எரிந்திருந்தாலோ, எர்த் வயர் துருப்பிடித்திருந்தாலோ அது பேச முடியாது.

ஆகவே, எந்தெந்தப் பெட்டிகள் ஸ்கேனருக்குப் பதில் தருகின்றன என்று முதலில் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் மௌனம் என்றால் அதன் பியூஸ், எர்த், கனெக்டர் ஆகியவற்றைச் சோதிக்கலாம். எல்லாமே மௌனம் என்றால் பொதுவான வயரில் கோளாறு இருக்கலாம். ஸ்கேனருக்கே மின்சாரம் வரவில்லை என்றால், சிகரெட் லைட்டர் பியூஸையும் பார்க்க வேண்டும். பல கார்களில் ஸ்கேனர் சொருகும் இடத்துக்கும் அதே பியூஸ்தான்.

மல்டிமீட்டர் சொல்லும் உண்மை

முதலில் பேட்டரியைச் சோதிப்பது நல்லது. மின்னழுத்தம் குறைந்தாலே பெட்டிகள் தடுமாறி, பொய்யான 'யு' குறியீடுகள் குவியும்.

அடுத்து, பேட்டரி வயரைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருந்து, ஸ்கேனர் சொருகும் 16 முனை கனெக்டரில் 6ஆம், 14ஆம் முனைகளுக்கு இடையே ஓம் அளக்க வேண்டும். கேன் பாதையின் இரு நுனிகளிலும் 120 ஓம் தடை இருப்பதால் நல்ல வயரில் ஏறக்குறைய 60 ஓம் காட்டும். 120 காட்டினால் எங்கோ வயர் அறுந்திருக்கிறது அல்லது ஒரு நுனியின் தடை இணைப்பில் இல்லை. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் இரு வயர்களும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சில புதிய கார்களில் இடையில் வேறொரு பெட்டி இருப்பதால் இந்தக் கணக்கு பொருந்தாது. அந்தக் காரின் வயரிங் படத்தைப் பார்க்க வேண்டும்.

பேட்டரியை மீண்டும் இணைத்துச் சாவியைத் திருப்பினால், ஒவ்வொரு வயரிலும் ஏறக்குறைய 2.5 வோல்ட் இருக்கும். ஹை சற்றுக் கூடுதல், லோ சற்றுக் குறைவு. ஒன்றில் பூஜ்யம் காட்டினால் அது பாடியைத் தொடுகிறது. 12 வோல்ட் காட்டினால் பேட்டரி வயரோடு உரசுகிறது.

வயர்கள் ஒட்டியிருந்தால், பேட்டரியைக் கழற்றிய நிலையில் பெட்டிகளின் கனெக்டரை ஒவ்வொன்றாக உருவிப் பார்ப்பார் நல்ல மெக்கானிக். எதை உருவியதும் ஓம் சரியாகிறதோ, கோளாறு அந்தப் பெட்டியிலோ அதற்குப் போகும் கிளை வயரிலோ இருக்கும். ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டர்களையும் ஹைபிரிட் கார்களின் ஆரஞ்சு வயர்களையும் மட்டும் பயிற்சி இல்லாதவர்கள் தொடவே கூடாது.

கோளாறு எங்கிருந்து வருகிறது?

நம் ஊரில் வெள்ளம் முக்கியக் காரணம். தண்ணீர் புகுந்த கனெக்டர் பல வாரங்கள் கழித்துப் பச்சையாகப் பூத்து மின்னோட்டத்தைத் தடுக்கும். அடுத்து எலி. வயர் உறையைக் கடித்துவிடும். பிறகு பொருத்திய அலாரம், பிளேயர் போன்றவற்றுக்காகக் கண்ட வயரில் வெட்டி ஒட்டுவதும் கேன் பாதையைக் கெடுக்கும்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

குறியீடுகளை அழிக்கும் முன் எழுதியோ படம் பிடித்தோ வாங்கிக்கொள்ளுங்கள். "பியூஸும் எர்த்தும் பார்த்தீர்களா? எத்தனை ஓம் காட்டியது?" என்று கேளுங்கள். உண்மையில் சோதித்தவர் தயங்காமல் எண்ணைச் சொல்வார். பெட்டியை மாற்றினால் பல கார்களில் புரோகிராம் செய்ய வேண்டியிருக்கும். அதற்கும் சேர்த்து விலை கேளுங்கள். எண் எதுவும் சொல்லாமல் "பெட்டியை மாற்று" என்றால், பணம் கட்டுவதற்கு முன் இன்னொரு பட்டறையில் காட்டுவதே நல்லது.