அழகு, காதல், பிள்ளைப்பாசம்... ஹாலிவுட் வில்லிகளுக்கு வேறு காரணமே கிடையாதா?

அண்டத்தில் உள்ள உயிர்களில் பாதியை அழிக்க வேண்டும். மார்வெல் வில்லன் தானோஸின் லட்சியம் இதுதான். ஏன் என்று கேட்டால், ‘வளம் குறைவு, வாய்கள் அதிகம், பாதிப் பேர் போனால்தான் மீதிப் பேர் நன்றாக வாழ முடியும்’ என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறான். தப்புக் கணக்குதான். ஆனாலும் 2018-ல் ‘அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்’ வெளியானபோது, ‘அவன் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறதே’ என்று மீம் போட்டவர்கள் ஏராளம்.

இப்போது ஒரு வில்லியைப் பார்ப்போம். ஸ்னோ ஒயிட்டின் சிற்றன்னையான ராணிக்கு நாடு, அரண்மனை, மந்திர சக்தி எல்லாமே இருக்கின்றன. அப்புறம் என்னதான் பிரச்னை? தன்னைவிட ஒரு சின்னப் பெண் அழகாக இருக்கிறாள். அவ்வளவுதான்! 1937-ல் வந்த டிஸ்னியின் இந்த முதல் முழுநீள அனிமேஷன் படத்தில் தொடங்கி, வில்லனுக்குக் கொள்கையும் வில்லிக்குக் கண்ணாடியும் கொடுப்பது ஹாலிவுட்டின் பழக்கமாகவே ஆகிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1991-ல் வந்த காமிக்ஸில் தானோஸ் பாதி உயிர்களை அழிப்பது காதலுக்காக. மரணம் அங்கே ஒரு பெண் உருவம். அவள் மனதில் இடம்பிடிக்கத்தான் இத்தனை கொலைகளும். அதே தானோஸ் திரைக்கு வந்தபோது காதலைக் கழற்றி வைத்துவிட்டு, கையில் ஒரு கொள்கையைக் கொடுத்தார்கள். வில்லிகளுக்கு அந்தச் சலுகை கிடைப்பது அபூர்வம்.

முகத்திலேயே தீர்ப்பு

1939-ல் வந்த ‘தி விஸார்ட் ஆஃப் ஓஸ்’ படத்தில், கெட்ட சூனியக்காரிகள் மட்டும்தான் அசிங்கமாக இருப்பார்கள் என்று நல்ல சூனியக்காரி கிளிண்டா குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். பச்சைத் தோல், வளைந்த மூக்கு, கறுப்பு உடை என வில்லி வந்து நிற்கும்போதே நமக்குத் தீர்ப்பு தெரிந்துவிடும். ‘தி லிட்டில் மெர்மெய்ட்’ (1989) படத்தின் உர்சுலா பருமனாக இருப்பாள். ‘வொண்டர் வுமன்’ (2017) படத்தின் டாக்டர் பாய்சன் சிதைந்த முகத்தை முகமூடியால் மறைத்திருப்பாள். வயது, உடல் எடை, தழும்பு என எதுவும் இங்கே சும்மா இருப்பதில்லை. எல்லாமே குற்றப்பத்திரிகைதான்.

சரி, வில்லி அழகாக இருந்தால்? அப்போது அந்த அழகே ஆயுதமாகிவிடும். 1927-ல் வந்த ஜெர்மானிய அறிவியல் புனைவுப் படம் ‘மெட்ரோபோலிஸ்’. அதில் மரியா என்ற நல்ல பெண்ணின் உருவத்தில் செய்யப்படும் இயந்திரப் பெண், கேளிக்கை விடுதியில் ஆடி ஆண்களைக் கிறங்கடிக்கிறாள். கடைசியில் தொழிலாளர்கள் அவளைக் கம்பத்தில் கட்டி எரிக்கிறார்கள்.

அது பழைய காலம் என்று ஒதுக்கிவிட முடியாது. ‘டெர்மினேட்டர் 2’ (1991) படத்தின் வில்லன் ரோபோவுக்கு ஒரு போலீஸ் சீருடை போதுமானதாக இருந்தது. 2003-ல் வந்த மூன்றாம் பாகத்தில் பெண் ரோபோவை போலீஸ்காரர் ஒருவர் வழிமறிக்கிறார். அவள் உடனே எதிரே இருக்கும் உள்ளாடை விளம்பரத்தைப் பார்த்துத் தன் மார்பளவைக் கூட்டிக்கொள்கிறாள். எதிர்காலத்திலிருந்து வந்த கொலை இயந்திரத்துக்கும் இதே கதிதான்!

சக்தி வந்தால் புத்தி போய்விடுமா?

இன்னொரு வகை, ‘அளவுக்கு மீறிய சக்தி கிடைத்ததும் நிலைதடுமாறும் பெண்’. ‘எக்ஸ்-மென்: தி லாஸ்ட் ஸ்டாண்ட்’ (2006) படத்தில் ஜீன் கிரே தன் சக்தியைக் கட்டுப்படுத்த முடியாமல் எல்லாவற்றையும் அழிக்கிறாள். அவளைக் காதலிக்கும் வுல்வரின் கையாலேயே சாகிறாள். 2019-ல் முடிந்த ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில், அடிமைகளை விடுவித்த டெனேரிஸ் ஒரு நகரத்தையே டிராகனை விட்டு எரிக்கிறாள். காதலன் ஜான் ஸ்னோ அவளை முத்தமிட்டுக்கொண்டே கத்தியால் குத்துகிறான்.

இரண்டு கதைகளுக்கும் ஒரே முடிவு. பெண்ணுக்குச் சக்தி தாங்காது. உலகைக் காப்பாற்ற, அவளை நேசிக்கும் ஆணே அவளைக் கொல்ல வேண்டும்.

டெனேரிஸ் முன்பும் பலரை இரக்கமில்லாமல் தண்டித்தவள்தான் என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால், அதே தொடரில் டைவின் லானிஸ்டர் ஒரு கல்யாண விருந்தில் எதிரிக் குடும்பத்தையே தீர்த்துக்கட்ட ஏற்பாடு செய்கிறான். அவனுக்குக் கிடைத்த பெயர் ராஜதந்திரி. டெனேரிஸுக்குக் கிடைத்தது ‘பைத்தியக்கார ராணி’.

வாண்டாவின் கதை இன்னும் சோகம். 2021-ல் ‘வாண்டாவிஷன்’ தொடர் ஒரு பெண்ணின் துக்கத்தை அவ்வளவு நிதானமாகச் சொன்னது. அடுத்த ஆண்டே ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்’ இரண்டாம் பாகத்தில், வேறொரு பிரபஞ்சத்தில் இருக்கும் பிள்ளைகளுக்காக எதிரில் வருபவர்களையெல்லாம் கொல்லும் வில்லியாக்கிவிட்டார்கள். தாய்ப்பாசம் என்ற ஒரே காரணம் போதும் என்று நினைத்துவிட்டார்கள் போல.

பொம்மை விற்காதாம்!

எழுதுபவர்களின் கற்பனை வறட்சி மட்டுமே இதற்குக் காரணமல்ல. ‘அயர்ன் மேன் 3’ (2013) படத்தின் முந்தைய திரைக்கதையில் முக்கிய வில்லன் ஒரு பெண். ‘பெண் வில்லியின் பொம்மை சரியாக விற்காது’ என்று நிறுவனத் தரப்பிலிருந்து சொல்லப்பட்டதால் அதை ஆணாக மாற்றினோம் என்று இயக்குநர் ஷேன் பிளாக் 2016-ல் பேட்டியில் போட்டு உடைத்தார். மார்வெல் பட வரிசையில் முதன்மை வில்லியாக ஒரு பெண் வந்தது 17-வது படமான ‘தோர்: ரக்னராக்’கில்தான் (2017).

சொல் சும்மா இருக்காது

‘கதைதானே, இதில் என்ன இருக்கிறது?’ என்று கேட்கலாம். ‘விஸார்ட் ஆஃப் ஓஸ்’ நாவலை 1900-ல் எழுதிய எல்.ஃபிராங்க் பாமின் மாமியார் மடில்டா ஜோஸ்லின் கேஜ், பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர். ஐரோப்பாவில் சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்ட பெண்களைப் பற்றி 1893-லேயே எழுதியவர். அவர்களில் பலர் மற்றவர்களைவிட விஷயம் தெரிந்த பெண்கள் என்பது அவருடைய வாதம். மருமகனின் நாவலில் நல்ல சூனியக்காரிகளும் இடம்பெற்றதற்கு இந்த மாமியாரின் தாக்கம் உண்டு என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

அது ஐரோப்பாவோடு முடிந்த கதையும் அல்ல. ஜார்க்கண்ட், பீகார், அசாம் உள்ளிட்ட மாநிலங்களில், சூனியக்காரி என்று முத்திரை குத்திப் பெண்களைத் தாக்குவதைத் தடுக்கத் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. ஜார்க்கண்டைச் சேர்ந்த சுட்னி தேவி அப்படி முத்திரை குத்தப்பட்டுத் துன்புறுத்தப்பட்டவர். பிறகு தன்னைப் போன்ற பெண்களுக்காகப் போராடி 2021-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். யாரும் டிஸ்னி படம் பார்த்துவிட்டு இந்தக் கொடுமையைச் செய்வதில்லை. ஆனால், தனியாக வாழும் பெண்ணை, வயதான பெண்ணை, கோபப்படும் பெண்ணைப் பார்த்தாலே சந்தேகப்படும் மனசுதான் இரண்டுக்கும் பொது.

மாறிவருகிறதா?

மாற்றம் தெரிகிறது. 1959-ல் விழாவுக்கு அழைக்காத கோபத்தில் குழந்தைக்குச் சாபமிட்ட மெலிஃபிசென்டுக்கு, 2014-ல் ஏஞ்சலினா ஜோலி நடித்த படம் ஒரு முன்கதை கொடுத்தது. அவள் நம்பிய ஆண், அரியணைக்காக அவளை மயக்கி அவள் சிறகுகளை வெட்டிவிடுகிறான். அந்தக் காட்சி பாலியல் வன்முறையின் உருவகம் என்பதை ஜோலியே சொல்லியிருக்கிறார்.

ஆனால், இதுவும் புது வாய்ப்பாடாகிவிடக் கூடாது. ‘க்ருயெல்லா’ (2021) படத்தில் டால்மேஷியன் நாய்கள் அம்மாவைப் பாறையிலிருந்து தள்ளிவிடுவதாகக் காட்டியபோது பலர் சிரித்தார்கள். கெட்டவளாக இருக்க ஒரு பெண்ணுக்குக் கண்ணீர்க் கதை கட்டாயமா என்ன?

தேவையில்லை என்று காட்டியவர்கள் இருக்கிறார்கள். ‘தோர்: ரக்னராக்’கின் ஹெலா அரண்மனை விதானத்தை உடைக்கிறாள். மேலே தெரியும் சமாதானச் சித்திரங்களுக்கு அடியில், அப்பாவும் அவளும் சேர்ந்து நடத்திய படையெடுப்புகள் ஒளிந்திருக்கின்றன. அவளுக்கு வேண்டியது சிம்மாசனம். அதற்கு அவளிடம் ஒரு வாதமும் இருக்கிறது. ‘ஹாரி பாட்டர்’ கதையின் அம்ப்ரிட்ஜுக்குக் காதல் தோல்வி இல்லை, பேரழகும் இல்லை. கையில் அரசாங்க ஆணை, உதட்டில் புன்னகை. மாணவனின் கையைக் கீறி ரத்தத்தால் எழுதவைக்கிறாள். நமக்குக் குலைநடுங்குகிறது. அப்படிப்பட்ட அதிகாரியை நாமே பார்த்திருக்கிறோம் என்பதுதான் காரணம்.

வில்லிகளை நல்லவர்களாக்குங்கள் என்று யாரும் கேட்கவில்லை. பேராசை, பதவி வெறி, தப்பான கொள்கை எல்லாவற்றிலும் அவர்களுக்கும் பங்கு கொடுங்கள். அடுத்த வில்லி கண்ணாடி முன்னால் நிற்காமல் ஒரு வரைபடத்தின் முன்னால் நிற்கட்டும். அவள் மூக்கைப் பார்த்து அல்ல, மூளையைப் பார்த்து நாம் பயப்படுவோம்!