சிறை மீண்டோரும் சமூகப் பணியும்

சிறைக்கதவு திறந்த அளவில் தண்டனை முடிந்துவிடுவதில்லை. மீண்டு வருவோரை ஊரார் ஐயுறுகின்றனர். தொழில் கொடுப்போர் தயங்குகின்றனர். பழைய கூட்டமே கைநீட்டி அழைக்கின்றது. இந்நிலையை மாற்றுதற்கு வழியுண்டோ என வினவுவார்க்கு, ஐக்கிய அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரிலுள்ள டெலான்சி வீதித் தாபனம் தக்கதொரு சான்றாகும்.

சிறைவாழ்வைத் தாமே அனுபவித்த ஜோன் மாகர் என்பவர் 1971ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினார். பின்னர் மிமி சில்பேட் அம்மையார் அவருடன் இணைந்தார். இங்குச் சேர்வோர் குறைந்தது 2 ஆண்டுகள் தங்குதல் வேண்டும். எழுத்தறிந்தவர் அறியாதவர்க்குக் கற்பிக்கின்றார்; தொழில் பழகியவர் புதிதாய் வந்தவரைப் பழக்குகின்றார். தாம் வாழும் பெருமனையைக் கட்டியெழுப்பியவரும் இவர்களே.

இவர்கள் நடத்தும் தொழில்களுள் வீட்டுத் தளபாடங்களை இடம்மாற்றும் சேவை சிறப்பாகக் கருதத்தக்கது. ஒருகாலத்தில் திருட்டுக் குற்றத்திற்காகச் சிறை சென்றோரையும் நம்பி, நகரமாந்தர் தம் உடைமைகளை ஒப்படைக்கின்றனர். சேர்ந்தோர் அனைவரும் இறுதிவரை நிலைப்பதில்லை என்பதும் உண்மையே. எனினும், உதவி பெறுதல் மாத்திரையால் ஒருவன் தன்னை மதிப்பதில்லை. தன் உழைப்புப் பிறர்க்கு வேண்டப்படுகின்றது என்று உணரும்போதே நிமிர்கின்றான். ஆகவே, சிறை மீண்டோர்க்குச் சமூகம் அளிக்கக்கூடிய கொடைகளுள், இரக்கத்தினும் பொறுப்பே தலைசிறந்ததாம்.