மஞ்சள் மாவா, வெள்ளை மாவா? குட்டி கார்ன் பிரெட்டுக்குள் இருக்கும் பெரிய கதை!

"அத்தை, இது கேக்கா, அழிப்பானா?"

லீவுக்கு வந்திருந்த அண்ணன் மகள் கேட்டது இது. எட்டாம் வகுப்பு படிக்கிறாள். வந்த அன்றே போனில் ஒரு வீடியோவைக் காட்டி, "இதைச் செஞ்சு கொடுங்க" என்று ஆரம்பித்துவிட்டாள். பொன் மஞ்சள் நிறத்தில், ஒரே வாயில் போட்டுக்கொள்ளும் அளவில், குட்டிக் குட்டியாக இனிப்பு கார்ன் பிரெட். அமெரிக்கப் பண்டம்.

வீட்டில் ஓ.டி.ஜி. இருக்கிறது. சோள மாவும் இருக்கிறது. சூப்புக்கும் கோபி மஞ்சூரியனுக்கும் வாங்கிய பாக்கெட். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கலந்து, ஊற்றி, உள்ளே வைத்தேன். வெளியே வந்தவை வெளுத்துப்போய், மேலே வெடித்து, கடித்தால் பல்லில் ஒட்டின. மஞ்சள் நிறம் மருந்துக்கும் இல்லை.

அடுப்பின் மேல் பழியைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால், தப்பு அடுப்பில் இல்லை, மாவில். கார்ன் பிரெட்டின் கதையைப் படித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அமெரிக்காவிலும் இந்த ரொட்டியைச் சுற்றி நடந்த சண்டைக்கும் சோகத்துக்கும் காரணம் மாவுதான்!

பெயர் ஒன்று, மாவு இரண்டு

நம் கடைகளில் கார்ன் ஃப்ளார், சோள மாவு என்ற பெயர்களில் கிடைக்கும் வெள்ளைப் பொடி, மக்காச்சோளத்திலிருந்து பிரித்தெடுத்த வெறும் ஸ்டார்ச். குழம்பையும் சூப்பையும் கெட்டியாக்குவது அதன் வேலை. அதில் சோளத்தின் வாசனையும் இல்லை, நிறமும் இல்லை.

கார்ன் பிரெட்டுக்கு வேண்டியது, காய்ந்த மக்காச்சோளத்தை அரைத்த மஞ்சள் மாவு. வட இந்தியர்கள் மக்கி ரொட்டி தட்டும் அதே மாவு. கடையில் 'மக்கி ஆட்டா' அல்லது 'மக்காச்சோள மாவு' என்று கேளுங்கள். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து, மஞ்சளாகவும் லேசாக நறநறவென்றும் இருந்தால் வாங்குங்கள். வெள்ளை வெளேரென்று டால்கம் பவுடர் மாதிரி இருந்தால் வைத்துவிடுங்கள்.

தமிழ்நாட்டில் பெரம்பலூர் பக்கமெல்லாம் மக்காச்சோளம் ஏராளமாக விளைகிறது. ஆனால், பெரும்பகுதி கோழித் தீவனத்துக்குப் போய்விடுகிறது. அதனால்தான் வேகவைத்த கதிரையும் பாப்கார்னையும் தெரிந்த அளவுக்கு, அதன் மாவு நம் சமையலறைக்குப் பழக்கமாகவில்லை.

சர்க்கரை போடலாமா, கூடாதா?

மக்காச்சோளத்தின் தாய்வீடு மெக்ஸிகோ. சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன்பு அங்கே ஒரு காட்டுப்புல்லை மனிதர்கள் பயிராக்கினார்கள். அங்கிருந்து வடக்கே பரவிய சோளத்தை அரைத்து ரொட்டி சுடும் பழக்கத்தை, அமெரிக்கப் பூர்வகுடி மக்களிடமிருந்துதான் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் கற்றுக்கொண்டார்கள். தென் மாநிலங்களின் தோட்டங்களில் அடிமைகளாக வேலை செய்த கறுப்பின மக்களுக்கு வாராந்தரப் படியாக அளந்து கொடுக்கப்பட்டது பெரும்பாலும் சோள மாவும் கொஞ்சம் பன்றி இறைச்சியும். இன்றைய கார்ன் பிரெட்டில் அவர்களின் கைப்பக்குவம் நிறைய இருக்கிறது.

இந்த ரொட்டியில் சர்க்கரை போடலாமா என்பது அங்கே இன்றும் ஓயாத பஞ்சாயத்து. நம் ஊர் சாம்பாரில் வெல்லம் போடலாமா என்பது மாதிரி! தெற்கில் பழைய முறை, வெள்ளைச் சோள மாவு, மோர், உப்பு, அவ்வளவுதான். 'சர்க்கரை போட்டால் அது கேக்' என்பார்கள். வடக்கிலோ மஞ்சள் மாவு, பாதிக்குப் பாதி மைதா, தாராளமாகச் சர்க்கரை. தெற்கிலேயே கூட, கறுப்பினக் குடும்பங்கள் பலவற்றில் இனிப்பு ரொட்டிதான் பாட்டி காலத்து ருசி. வெள்ளையர் குடும்பங்கள் பலவற்றில் இனிப்பு என்றாலே முகம் சுளிப்பார்கள்.

ஆனால், இந்தச் சண்டை நாக்கிலிருந்து தொடங்கவில்லை என்கிறார்கள் உணவு வரலாற்றை ஆராய்பவர்கள். முன்பு சோளக்கதிரைச் செடியிலேயே முற்றிக் காயவிட்டு, கல் இயந்திரத்தில் அரைத்தார்கள். மாவு கொரகொரப்பாக இருக்கும், சோளத்தின் இனிப்பும் இருக்கும். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எஃகு உருளை ஆலைகள் பரவின. எண்ணெய்ச் சத்துள்ள முளைக்கரு இருந்தால் மாவு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும் என்று அதை நீக்கினார்கள். மாவு மாதக்கணக்கில் கெடாமல் இருந்தது. ருசிதான் போய்விட்டது. போன இனிப்பை ஈடுகட்டச் சர்க்கரை வந்தது. மாவு நைஸாகிப்போனதால் உருவம் நிற்க மைதா வந்தது. அதன்பின் சோள மஃபினுக்கான ரெடி மிக்ஸ் டப்பாக்கள் வந்தன. இனிப்புதான் கார்ன் பிரெட்டின் ருசி என்று ஒரு தலைமுறையே பழகிவிட்டது.

ஆலை எடுத்துக்கொண்டது ருசியை மட்டுமல்ல

அதே காலகட்டத்தில் அமெரிக்காவின் தென் மாநில ஏழைகளை ஒரு நோய் வாட்டியது. வெயில் படும் இடமெல்லாம் தோல் கருத்துத் தடித்து உரியும். வயிற்றுப்போக்கு நிற்காது. பிறகு மனக்குழப்பம், முடிவில் மரணம். பெயர் பெலாக்ரா. தொற்றுநோய் என்றே பலரும் நம்பினார்கள்.

1914-ல் இதை ஆராய அரசு அனுப்பிய டாக்டர் ஜோசப் கோல்ட்பெர்கர், காப்பகங்களில் ஒரு விஷயத்தைக் கவனித்தார். நோய் உள்ளே இருப்பவர்களுக்கு வருகிறது, அவர்களோடு பழகும் ஊழியர்களுக்கு வருவதில்லை. வித்தியாசம், சாப்பாட்டில். உள்ளே இருந்தவர்களுக்குச் சோளமும் கொழுப்பும் சர்க்கரைப் பாகும்தான் பிரதான உணவு. மிசிசிப்பி மாநிலத்தின் அநாதை இல்லங்களில் பால், முட்டை, பருப்பு வகைகளைச் சேர்த்தார், நோய் மறைந்தது. அப்போதும் நம்பாதவர்களுக்காக, நோயாளிகளின் ரத்தத்தைத் தன் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். அவர் மனைவியும் முன்வந்து ஏற்றிக்கொண்டார். யாருக்கும் நோய் வரவில்லை. 1929-ல் அவர் இறந்தார். குறைந்துபோன சத்து நியாசின் என்ற வைட்டமின் என்பது 1937-ல்தான் உறுதியானது.

மக்காச்சோளத்திலும் நியாசின் உண்டு. ஆனால், உடல் எடுத்துக்கொள்ள முடியாதபடி பிணைந்திருக்கும். மெக்ஸிகோ மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளாகச் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறவைத்துதான் அரைக்கிறார்கள். அப்போது அந்தப் பிணைப்பு விடுபடுகிறது. சோளத்தை வாங்கிக்கொண்டவர்கள், அந்தச் சுண்ணாம்பு ரகசியத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். ஆலை மாவு, இருந்த கொஞ்சநஞ்சச் சத்தையும் குறைத்தது.

இதைப் படித்து யாரும் பயப்பட வேண்டாம். பால், பருப்பு, முட்டை, காய்கறி என்று கலந்து சாப்பிடும் வீட்டில், மாலையில் இரண்டு குட்டி கார்ன் பிரெட் சாப்பிட்டால் எதுவும் வராது. எந்த ஒரு தானியத்தையும் மட்டுமே நம்பி வாழக் கூடாது என்பதுதான் பாடம்.

இனி, அடுப்பங்கரைக்குப் போவோம்!

என்னென்ன தேவை? (20 முதல் 24 குட்டி கார்ன் பிரெட்டுக்கு)

மஞ்சள் மக்காச்சோள மாவு - 1 கப் (சுமார் 130 கிராம்)
மைதா - முக்கால் கப்
சர்க்கரை - 65 கிராம் (கால் கப்புக்குச் சற்று அதிகம்)
பேக்கிங் பவுடர் - 2 டீஸ்பூன்
ஆப்ப சோடா - கால் டீஸ்பூன்
உப்பு - அரை டீஸ்பூன்
புளிக்காத தயிர் - அரை கப்
பால் - அரை கப்
முட்டை - 1
உருக்கிய வெண்ணெய் - கால் கப் (அச்சில் தடவத் தனியாகக் கொஞ்சம்)

எப்படிச் செய்வது?

முதலில் தயிர், பால், சர்க்கரை மூன்றையும் கலந்து, அதில் மக்காச்சோள மாவைப் போட்டு 15 நிமிடம் ஊறவிடுங்கள். இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். மாவு நன்றாக ஊறினால்தான் சாப்பிடும்போது நறநறவென்று பல்லில் படாது.

அதற்குள் ஓவனை 200 டிகிரி செல்சியஸில் சூடாக்குங்கள். மினி மஃபின் ட்ரேயின் குழிகளில் வெண்ணெய் தடவிவையுங்கள்.

ஊறிய கலவையில் முட்டையை அடித்து ஊற்றி, உருக்கிய வெண்ணெயும் சேர்த்துக் கலக்குங்கள். மைதா, பேக்கிங் பவுடர், ஆப்ப சோடா, உப்பு நான்கையும் சேர்த்துச் சலித்துக் கொட்டி, கரண்டியால் பத்துப் பதினைந்து முறை கிளறினால் போதும். சின்னச் சின்னக் கட்டிகள் இருந்தால் இருக்கட்டும். மைதாவை அதிகம் கலக்கினால் ரொட்டி இறுகிவிடும். கலவை, இட்லி மாவு பதத்தில் இருக்க வேண்டும். கெட்டியாகத் தெரிந்தால் இரண்டு ஸ்பூன் பால் விடுங்கள்.

குழியில் முக்கால் அளவு ஊற்றி, 10 முதல் 12 நிமிடம் பேக் செய்யுங்கள். ஓரம் பொன்னிறமாகி, நடுவில் பல்குச்சியைக் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும். 5 நிமிடம் ஆறவிட்டு எடுத்தால் உடையாமல் வரும்.

முட்டை சேர்க்காதவர்கள், அதற்குப் பதில் இன்னும் கால் கப் தயிர் சேர்க்கலாம். கொஞ்சம் உதிரும், ருசிக்குக் குறைவில்லை.

ஏன் குட்டியாகச் செய்ய வேண்டும்?

கோதுமையில் இருக்கும் குளூட்டன் மக்காச்சோளத்தில் இல்லை. அதனால் மாவுக்குப் பிடிப்பு குறைவு. பெரிய ரொட்டியாகச் சுட்டால் வெட்டும்போது பொலபொலவென்று உதிரும். நடு வேகும்வரை வைத்தால் ஓரம் காய்ந்துவிடும். குட்டியாகச் செய்தால் சட்டென்று வெந்துவிடும், வெட்டவும் வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் மொறுமொறு ஓரம் கிடைக்கும். சர்க்கரையும் வெறும் இனிப்புக்காக மட்டும் இல்லை. ஈரத்தைப் பிடித்துவைத்து ரொட்டியை மிருதுவாக்குவது அதுதான். நாம் சொன்ன அளவில் ஒன்றுக்கு சுமார் 3 கிராம் சர்க்கரைதான் வரும். அதற்காகச் சர்க்கரை நோயாளிகள் தட்டோடு உட்கார்ந்துவிடக் கூடாது. மாவிலும் மாவுச்சத்து இருக்கிறதே!

ஓவன் இல்லையா? குழிப்பணியாரக் கல் இருக்கிறதே!

அமெரிக்கத் தென் மாநிலங்களில் இரும்புச் சட்டியை முதலில் நன்றாகக் காயவைத்து, கொழுப்பை விட்டு, அது சுடச்சுட இருக்கும்போதே மாவை ஊற்றுவார்கள். 'சொய்ங்' என்று சத்தம் வந்தால்தான் அடி மொறுமொறுப்பாகும். நம் பணியாரக் கல்லின் சங்கதியும் அதேதான். கல் காய்ந்ததும் குழிக்குக் கால் ஸ்பூன் நெய் விட்டு, மாவை முக்கால் அளவு ஊற்றி, மூடி போட்டு, சிறுதீயில் 4, 5 நிமிடம் வேகவிடுங்கள். திருப்பிப் போட்டு இன்னும் 2 நிமிடம். தீயைக் கூட்டினால் சர்க்கரை கருகும், உள்ளே மாவு வேகாது.

கவனிக்க வேண்டியவை

* கார்ன் பிரெட் செய்த அன்றே ருசி. மறுநாள் காய்ந்துவிடும். மிச்சமிருந்தால் ஃப்ரீசரில் வைத்து, சாப்பிடும்போது சூடாக்குங்கள்.

* மக்காச்சோள மாவைக் கொஞ்சமாக வாங்கி ஃப்ரிட்ஜில் வையுங்கள். முழுச் சோளத்தில் அரைத்த மாவு வெளியே இருந்தால் சிக்கு வாடை வந்துவிடும்.

* இதில் மைதா இருக்கிறது. குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது ஆகாது.

* மேலே தேன் விட்டுச் சாப்பிட்டால் பிரமாதம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் தேன் கூடவே கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு முழுசாகக் கொடுக்காமல் பிய்த்துக் கொடுங்கள்.

இரண்டாவது முறை மஞ்சள் மாவில் செய்தபோது, அண்ணன் மகள் சமையலறை வாசலை விட்டு நகரவில்லை. அன்று மாலை எங்கள் வீட்டில் காராமணி சுண்டல். அமெரிக்கத் தெற்கிலும் புத்தாண்டு அன்று இதே காராமணியோடுதான் கார்ன் பிரெட் சாப்பிடுவார்கள் என்று சொல்லி, ஒரே தட்டில் இரண்டையும் வைத்தேன். சுண்டல் என்றாலே ஓடுகிறவள், அன்று மறுபேச்சில்லாமல் சாப்பிட்டாள்.

போகும்போது பையில் ஒரு பாக்கெட் மாவையும் வாங்கி வைத்துக்கொண்டாள். "அம்மாகிட்ட சொல்லிடறேன் அத்தை... வெள்ளை இல்ல, மஞ்சள்!"