மாடியில் ஒரு தேனீப் பெட்டி

பெங்களூரு மாதிரி பெரிய நகரத்தில் தேனீக்கு என்ன சாப்பாடு கிடைக்கும்? நிறையவே கிடைக்கும். வெயில் காலம் தொடங்கியதும் சாலையோரப் புங்கமரங்கள் பூத்துக் குலுங்கும். முருங்கை, தென்னை, நாவல், துளசி என்று வீட்டுக்கு வீடு ஏதோ ஒன்று பூத்திருக்கும். அதனால்தான் அங்கே சிலர் மொட்டைமாடியிலேயே தேனீ வளர்க்கிறார்கள்.

எல்லாத் தேனீயையும் பெட்டியில் வளர்க்க முடியாது. அடுக்குமாடிக் கட்டடங்களின் வெளியே பெரிய ஒற்றை அடையாகத் தொங்குவது மலைத்தேனீ. அதற்குத் திறந்தவெளிதான் வேண்டும். பருவம் மாறினால் தானே இடம்பெயர்ந்துவிடும். பெட்டிக்கு ஏற்றது இந்தியத் தேனீ. இருட்டான மரப்பொந்தில் அடுக்கடுக்காக அடை கட்டுவது அதன் இயல்பு. அந்தப் பொந்துக்குப் பதிலாகத்தான் அடை கட்டச் சட்டங்கள் தொங்கும் மரப்பெட்டி. தென்னிந்தியாவில் பலர் பயன்படுத்தும் சிறிய பெட்டிக்கு நியூட்டன் பெட்டி என்று பெயர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சியில் இருந்த பாதிரியார் நியூட்டன் அதை வடிவமைத்தார்.

பெட்டியின் கால்களை நீர்க் கிண்ணங்களில் நிறுத்துவார்கள், எறும்பு ஏறாது. வாரம் ஒருமுறை முகவலை அணிந்து, லேசாகப் புகை காட்டி, பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். ஒரு சட்டத்தை மெல்லத் தூக்கி, வெயில் அடையின் அறைகளுக்குள் விழும்படி பிடித்தால், அறைக்கு ஒன்றாக வெள்ளை முட்டைகள் தெரியும். முட்டை மூன்று நாளில் பொரிந்து புழுவாகிவிடும். அப்படியானால், முட்டை கண்ணில் பட்டதும் என்ன புரிகிறது? கடந்த மூன்று நாளுக்குள் முட்டையிடும் ராணி இங்கே இருந்திருக்கிறாள்! ஆயிரக்கணக்கான தேனீக்களுக்கு நடுவே அவளைத் தேட வேண்டியதே இல்லை.

புழுக்களையும் உற்றுப் பார்க்க வேண்டும். நலமான புழு முத்துப்போல வெள்ளையாக இருக்கும். நீர் நிரம்பிய பைபோல உப்பியிருந்தால் அது வைரஸ் நோய். 1990களின் தொடக்கத்தில் 'தாய் சாக்புரூட்' எனும் அந்த நோய் தென்னிந்தியாவில் ஏராளமான தேனீக் குடும்பங்களை அழித்தது.

வாசலில் சில தேனீக்கள் நின்ற இடத்திலேயே சிறகடிக்கும். அவைதான் கூட்டின் மின்விசிறிகள். இந்தியத் தேனீ வெளியே பார்த்து நின்று காற்றை உள்ளே தள்ளும். இன்னொரு வகையான இத்தாலியத் தேனீயோ உள்ளே பார்த்து நின்று காற்றை வெளியே இழுக்கும். பூந்தேனில் உள்ள நீர் இந்தக் காற்றில்தான் வற்றுகிறது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நீர் மிஞ்சும்போது தேனீக்கள் அறையை மெழுகால் மூடிவிடும். அப்படி மூடிய தேன்தான் புளிக்காது. அதையும் மேலடுக்கிலிருந்து மட்டுமே எடுப்பார்கள். கீழே இருப்பது புழுக்களுக்கும் மழைக்காலத்துக்கும் ஆன உணவு. ஒரு பெட்டியிலிருந்து ஆண்டுக்குச் சில கிலோ தேன் கிடைக்கலாம். தோட்டத்தில் காய்ப்பு கூடுவது தனி லாபம்.

உங்களுக்கும் ஆசை வந்துவிட்டதா? பெட்டி வாங்கும் முன் அப்பா அம்மாவுடன் போய்ப் பயிற்சி பெறுங்கள். பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்தில் தேனீ வளர்ப்புக்கென்றே ஒரு துறை இருக்கிறது. உங்கள் குடியிருப்பில் மலைத்தேனீ அடை கட்டினால் கல்லெறியாதீர்கள், மருந்தடிக்கவும் விடாதீர்கள். தேனீ அறிந்தவர்களை அழைக்கச் சொல்லிப் பெரியவர்களிடம் கேளுங்கள்.