எந்த ராகம் போடலாம், டீச்சர்?

புதிதாக வரும் பெற்றோர் பெரும்பாலும் இதைத்தான் கேட்கிறார்கள். ஆட்டிசத்துக்கு எந்த ராகம்? பேச்சு வர எந்த ராகம்? தூங்க வைக்க நீலாம்பரி என்கிறார்களே, அதுபோல இதற்கும் ஒன்று இருக்குமே? வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய பட்டியலைச் சிலர் போனில் எடுத்துக் காட்டுவார்கள். டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டு மாதிரியே இருக்கும்: காலையில் இது, ராத்திரி அது.

கர்நாடக சங்கீதம் படித்தவள் நான். ராகங்களைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனாலும், சிறப்புப் பள்ளியில் நான் செய்கிற இசை சிகிச்சை வேலையில் குழந்தையைப் பாட்டு கேட்க வைப்பது சின்னப் பங்குதான். குழந்தை எழுப்பும் சத்தத்தையும் உடம்பின் ஆட்டத்தையும் கேட்டு, நான் அதன் பின்னால் போக வேண்டும்.

இந்த வழியை வகுத்தவர்கள் இருவர். பால் நார்டாஃப் அமெரிக்க இசையமைப்பாளர். கிளைவ் ராபின்ஸ் இங்கிலாந்தில் சன்ஃபீல்டு என்ற குழந்தைகள் இல்லத்தில் சிறப்பாசிரியர். 1959-ல் அங்கே இருவரும் சேர்ந்து வேலையைத் தொடங்கினார்கள். ஒருவர் பியானோவில், மற்றவர் குழந்தைக்குத் துணையாக. குழந்தையின் முன்னால் ஒரு டிரம், ஒரு சிம்பல். என்ன வாசிப்பது என்று முன்கூட்டித் தீர்மானம் கிடையாது. நம் பாஷையில் சொன்னால் முழுக்க மனோதர்மம். அவர்கள் எழுதியவற்றில் எட்வர்ட் என்ற சிறுவனின் கதை பிரபலம். அறைக்குள் வந்ததும் ஓயாமல் அலறினான். நார்டாஃப் அவனை அடக்கப் பார்க்கவில்லை. அந்த அலறல் இருந்த சுருதியிலேயே பியானோவைச் சேர்த்தார். போகப் போக அலறலுக்குள் ஸ்வரம் தெரிய ஆரம்பித்தது. பிறகு பியானோவுக்குப் பதில் சொல்வது போலக் குரல் வந்தது.

என்னிடம் வரும் ஒரு பையனுக்குப் பேச்சு இல்லை. சுவரோரம் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருப்பான். நான் கஞ்சிராவை எடுத்துக்கொண்டு நாலடி தள்ளி உட்காருவேன். அதிலுள்ள காசுகளின் சிணுங்கல் அவனுக்குப் பிடிக்காது, காதைப் பொத்திக்கொள்வான். அதனால் இடுக்கில் துணி திணித்துவிடுவேன். தோலின் உட்பக்கம் தண்ணீர் தடவினால் சுருதி இறங்கி, கும்மென்று வரும். அவன் முன்னால் சாயும்போது ஒரு தட்டு. மறுபடி சாயும்போது இன்னொன்று. அவன் வேகம் கூட்டினால் நானும் கூட்டுவேன். பிறகு ஒரு தட்டை வேண்டுமென்றே விட்டுவிடுவேன். பல நாள் அதற்கு ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் ஆட்டம் நின்றது. கஞ்சிராவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், நகர்ந்து வந்து தோலின் மேல் உள்ளங்கையை வைத்தான். அதன் பிறகு அந்த விட்ட தட்டு அவனுடையது. எல்லா நாளும் தட்டுவான் என்றில்லை.

சி.பி. என்று நாங்கள் சொல்லும் பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளுக்குத் தாளம் வேறு விதத்தில் உதவுகிறது. காது வழியே வரும் சீரான தாளம், மூளையில் அசைவைக் கவனிக்கும் பகுதிகளையும் எழுப்புகிறது. அடுத்த தட்டு எப்போது விழும் என்று உடம்பு முன்கூட்டியே தெரிந்துகொண்டு காலை எடுக்கிறது. பிசியோதெரபிஸ்ட் குழந்தையின் வழக்கமான நடை வேகத்தை முதலில் எண்ணுவார். தாளம் அதே வேகத்தில் தொடங்கும். நடை பிடிபட்ட பிறகு ஐந்து சதவீதம், பத்து சதவீதம் என்று கூட்டுவோம். தாளத்துக்குக் குழந்தையை இழுப்பது அதற்கப்புறம்தான்.

காது கேளாத பிள்ளைக்கு இசையா என்று கேட்பவர்களும் உண்டு. ஸ்காட்லாந்தின் எவலின் கிளெனிக்கு 12 வயதிலேயே காது பெருமளவு கேட்காமல் போய்விட்டது. வெறுங்காலோடு மேடையேறி, அதிர்வை உடம்பால் வாங்கி, உலகப் புகழ்பெற்ற தாளவாத்தியக் கலைஞராக இருக்கிறார்.

இனி, பலன் எவ்வளவு? 2017-ல் வெளியான பெரிய ஆய்வொன்றில், ஒன்பது நாடுகளில் 4 முதல் 7 வயது வரையுள்ள ஆட்டிசக் குழந்தைகள் 364 பேர் பங்கெடுத்தார்கள். ஐந்து மாதம் கழித்துப் பார்த்தால், இசை சிகிச்சை பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் சமூக அறிகுறிகளை அளக்கும் மதிப்பெண்ணில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2022-ல் காக்ரேன் அமைப்பு 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. ஒட்டுமொத்த முன்னேற்றத்திலும் வாழ்க்கைத் தரத்திலும் பலன் இருக்கக்கூடும், பேச்சு விஷயத்தில் தெளிவாகச் சொல்ல முடியாது என்றது. ஆகவே, "மூன்று மாதத்தில் பேச வைக்கிறோம்" என்று பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள். ஸ்பீச் தெரபியையும் பிசியோவையும் நிறுத்திவிட்டு இதற்கு வரவும் வேண்டாம். அந்த மதிப்பெண்ணில் ஏறாத சிலவற்றை நான் தினமும் பார்க்கிறேன் என்பதும் உண்மை: தன் முறைக்குக் காத்திருப்பது, இன்னொருவரை நிமிர்ந்து பார்ப்பது, ஒரு வேலையில் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிடம் இருப்பது.

வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்கும் அம்மாக்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். குளிப்பாட்டும்போது, சாதம் ஊட்டும்போது, தினமும் அதே பாட்டு. சினிமாப் பாட்டானாலும் சரி. வரியின் கடைசி வார்த்தையை மட்டும் பாடாமல் நிறுத்திக் குழந்தையின் முகத்தைப் பாருங்கள். மனசுக்குள் பத்து எண்ணும்வரை வாயைத் திறக்காதீர்கள். முக்கால்வாசிப் பேர் மூன்று எண்ணுவதற்குள் தாங்களே பாடி முடித்துவிடுகிறார்கள்.